மாமாவின் வாழ்க்கைக்கு லேபர் கான்ட்ராக்ட்

என் அக்கா வீட்டுக்காரரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்காக ஒரு எழுத்தாளருக்கு முதல் தவணை கொடுத்தது எண்பத்தொன்பதாம் வருடம், சித்திரை மாதம். அந்தத் தவணைக்கு அக்கா வைத்த பெயர் ‘பேஸ்மட்டம்’.

மாமா ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். காக்கிச் சட்டை இன்ஸ்பெக்டர் இல்லை. லேத்திலிருந்து வரும் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பெயிண்டும் தவறாக இருந்தால் சிவப்புப் பெயிண்டும் வைக்கிறவர். மயிரிழை கூடினாலும் ரிஜெக்ட், குறைந்தாலும் ரிஜெக்ட். வீட்டில் இட்லி வந்தால்கூட ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சட்னியைத் தொடுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும்.

அவர் ஓய்வு பெற்றது அந்த வருடம் மாசி மாதக் கடைசியில். பிரிவு உபசார விழா முடிந்து மாலையோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தவர், மாலையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசினாங்க மச்சான். அதுல ஒண்ணரை நிமிஷம் மைக் வேலை செய்யலே” என்றார்.

அப்படித்தான் அவருக்குப் புத்தக ஆசை வந்தது.

ஆசைக்குக் குறுக்கே ஒரு வீடு நின்றது. பருத்திப்பட்டில், ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மாமாவும் அக்காவும் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்து, மேலே ஒன்றும் இல்லாமல் வானத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. ஓய்வுக்காலப் பணம் வந்ததும் தளம் போடுவதாக ஏற்பாடு. ஆவணிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். காலி செய்தபின் ஒழுகாத இடம் ஒன்று வேண்டும். தளத்துக்கு வைத்திருந்த பணத்தை விட்டால் அவர்களிடம் வேறு பணம் கிடையாது. ஆகவே அக்காவின் கவலை ஒன்றே ஒன்றுதான்: புத்தகம் தளத்தைத் தின்றுவிடக் கூடாது.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கிளை நூலகத்தில் படிக்காத புத்தகம் அதிகம் பாக்கி இல்லை. எங்கள் தெருவுக்கு விளக்கு வந்த நாள், பேருந்துத் தடம் மாறிய நாள், ஏரி நிரம்பிய நாள் எல்லாம் டைரியில் குறித்து வைக்கிறவன். செலவில்லாமல் நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தேன். மாமா வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை படித்தார்.

“மச்சான், இதுல தேதி இருக்கு. கிழமை இருக்கு. நட்சத்திரம் இருக்கு. நான் எங்கடா?”

சிவப்புப் பென்சிலால் மூலையில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. படித்துப் பார்த்தால் இன்றும் எனக்கு அதில் குறை தெரியவில்லை.

பிறகுதான் முகப்பேரிலிருந்து எழுத்தாளர் வந்தார். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், தொழிற்சங்க ஆண்டு விழாவுக்கு நாடக வசனம், தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் மேடைப் பேச்சு என்று எல்லாம் எழுதுவார். எங்கேயும் தன் பெயர் வராது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். மொபெட்டை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவர், குமணன்சாவடி அரிசி ஆலை முதலாளி ஒருவருக்குத் தான் எழுதிக்கொடுத்த வாழ்க்கை வரலாற்றை மாதிரிக்கு மேஜைமேல் வைத்தார்.

“பாதி முன்பணம். மீதி, முடிந்ததும். வழக்கம் அப்படித்தான் ஐயா” என்றார்.

மாமா தலையாட்டப் போன நேரம், அக்கா தேங்காய் துருவிய கையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

“எழுத்தாளர் சார், நீங்க எந்த லெவலுக்கு எவ்ளோ வாங்குவீங்க?”

“லெவல்னா அம்மா?”

“பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு. எங்க மேஸ்திரி அப்படித்தான் வாங்குறார்.”

“அம்மா, இது இலக்கியம்.”

“அது வீடு சார். அதுக்கே அப்படித்தான் கொடுக்கிறோம்.”

எழுத்தாளர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் அரிசி ஆலை முதலாளியின் வாழ்க்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரம் எழுதினோம். நான்தான் எழுதினேன், தேதி போட அப்போதைக்கு எனக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். பிறப்பு முதல் பள்ளிப் படிப்பு வரை பேஸ்மட்டம். வேலையில் சேர்வது வரை லிண்டல். கல்யாணம், பிள்ளைகள், பதவி உயர்வு எல்லாம் சேர்த்து ரூஃப். ஓய்வு பெறுவதும் பிழை திருத்தமும் பூச்சு. ஒவ்வொரு மட்டமும் முடிந்து, எழுதிய தாள் கைக்கு வந்து, மாமா பார்த்துப் பாஸ் போட்ட பிறகே பணம்.

அத்தோடு அக்கா விடவில்லை. வேலை லேபர் கான்ட்ராக்ட் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குச் சிமெண்டும் கம்பியும் நாம் வாங்கிக் கொடுத்து மேஸ்திரிக்குக் கூலி மட்டும் கொடுப்பது போல, வெள்ளைத் தாள், கார்பன், பேனா ரீஃபில் எல்லாம் நம்முடையது. எழுத்தாளருக்குக் கூலி மட்டும். கார்பன் நகலும் நம்மிடம் வர வேண்டும். கசக்கிப் போட்ட தாளும் வர வேண்டும்.

“கசக்கினதை ஏம்மா கேக்கறீங்க?” என்றார் எழுத்தாளர்.

“சிமெண்டு தீர்ந்தா மேஸ்திரி காலிச் சாக்கைத் திருப்பிக் கொடுக்குறார்ல? சரக்கு எங்கே போச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

அவர் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ பேருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்த மனிதருக்கு அன்று பேச்சு வரவில்லை.

ஞாயிறுதோறும் மாமா பேசுவார், எழுத்தாளர் குறிப்பு எடுப்பார், நான் தேதி சரிபார்ப்பேன். சிக்கல் முதல் நாளே வந்துவிட்டது. மாமாவின் வாழ்க்கையில் துயரம் இல்லை.

“ஐயா, மனதை உலுக்கிய சம்பவம் ஏதாவது?”

மாமா நெடுநேரம் யோசித்தார். “ஒரு தடவை ஸ்டோர்ஸ்ல வாங்கின, அளவு பார்க்கிற கேஜ் ஒண்ணு தொலைஞ்சு போச்சு.”

“அதுக்கு யாரும் அழ மாட்டாங்க ஐயா.”

“நான் அழுதேன்.”

எழுத்தாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விடுங்க. நான் பார்த்துக்கறேன்” என்றார்.

சித்திரையில் பேஸ்மட்டம் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பழைய சிமெண்டுச் சாக்கில் கசங்கிய தாள்கள். மாமா எங்களை உட்காரவைத்து உரக்கப் படித்தார். விருத்தாசலம் பக்கத்துக் கிராமம். கொட்டுகிற மழை. பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் சிறுவன் வாசலில் நிற்கிறான். தாய் ஒன்றும் பேசாமல் காதுத் தோட்டைக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு, மழையில் இறங்கி நடக்கிறாள். மாமாவுக்குக் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றினார். எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மட்டும் முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அத்தை எப்போ தோட்டை வித்தாங்க?”

“நான் படிக்கிறப்போ.”

“அப்போ உங்க தங்கச்சி காதுல கிடக்குதே, அது எது? போன தீபாவளிக்கு உங்கம்மாதானே கழட்டிப் போட்டாங்க? இருக்கிறது ஒரு ஜோடின்னு நீங்கதானே சொன்னீங்க?”

மாமா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “எனக்கு இப்பதான்டி ஞாபகம் வருது” என்றார்.

“என்ன, விக்காதது ஞாபகம் வருதா?”

நான் குமணன்சாவடி அரிசி ஆலையை எடுத்துவந்தேன். அந்தப் புத்தகத்தை அந்த வீட்டில் முழுதும் படித்தவன் நான் ஒருவன்தான். எழுதியவரையும் சேர்த்துச் சொல்கிறேனோ என்று சில நேரம் தோன்றும். அதிலும் அதே மழை. அதே வாசல். அதே முந்தானை. சிறுவன் மட்டும் மாறியிருந்தான். இன்னொன்றும் கேட்டேன்: பள்ளிக் கட்டணம் ஆனி மாதத்தில் கட்டுவது, அந்த ஊரில் ஆனியில் ஏது அப்படி ஒரு மழை?

“மழை இல்லாம அழுதா எடுபடாது தம்பி சார்” என்றார் எழுத்தாளர்.

அக்காவுக்கு விஷயம் உடனே பிடிபட்டது. சமையலறைச் சுவர் எழுப்பும்போது மேஸ்திரி வேறெங்கோ இடித்த வீட்டுச் செங்கலைக் கலந்துவிட்டார் என்று ஏற்கெனவே அவர் கூலியில் கொஞ்சம் பிடித்திருந்தாள்.

“பழைய செங்கல் சார் இது. அந்த முதலாளி வீட்டுச் செங்கல். இந்தப் பக்கத்துக்குக் கூலி பிடிப்பேன். இல்லே, இடிச்சிட்டுப் புதுசா எழுதுங்க.”

“இடிச்சுக் கட்டினா தனிக் கூலி அம்மா. உங்க மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்க.”

அது நியாயமாகத்தான் இருந்தது. எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். வாழ்நாள் முழுதும் மயிரிழைக்குச் சிவப்பு வைத்த மனிதர், அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அளவு சரியாத்தான் இருக்கு. பாஸ்” என்றார்.

கூலி பிடிக்கப்பட்டது. தோடு விற்கப்பட்டதாகவே நின்றது.

வைகாசியில் எழுத்தாளர், கடைசி அத்தியாயத்தில் வீட்டை வர்ணிக்க வேண்டும், ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றார். அக்கா என்னையும் சேர்த்துப் பருத்திப்பட்டுக்கு அழைத்துப்போனாள். அக்கா செய்த ஒரே தவறு அதுதான். அவள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் பின்பக்கம் போயிருந்தபோது, மேஸ்திரியும் எழுத்தாளரும் செங்கல் அடுக்கின் நிழலில் சந்தித்துக்கொண்டார்கள். மேஸ்திரி அந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா காலத்தில் அந்த இடமெல்லாம் நெல் வயல்; அவர் காலத்தில் வயல்களில் வீடு.

“இன்னா சார், நீயும் இந்தம்மாகிட்ட மாட்டிகினியா?” என்றார் மேஸ்திரி, பீடியை அணைக்காமல். “உனக்கு எந்த மட்டம் ஓடிகினு கீது?”

“லிண்டல்” என்றார் எழுத்தாளர். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“கூலில புட்ச்சாங்களா?”

“ஒரு பக்கத்துக்கு.”

“எனுக்கு ஒரு செவுத்துக்கு.” மேஸ்திரி பெருமூச்சு விட்டார். “அண்ணாத்தே, நீ தொழிலுக்குப் புச்சு போல கீது. சொல்றேன் கேட்டுக்கோ. லிண்டல் காசு கைக்கு வந்துச்சா, நாலு நாளு வேற சைட்டுக்குப் பூடு. அப்பத்தான் தேடிகினு வருவாங்கோ. இங்கயே குந்திகினு இருந்தா மதிப்பு இல்ல.”

நான் அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். கணக்குப்பிள்ளை என்பதால் என்னை அவர்கள் ஆளாகவே எண்ணவில்லை.

லிண்டல் தவணை கொடுத்த அடுத்த ஞாயிறு எழுத்தாளர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. முகப்பேருக்குப் போய் மூன்று மாடி ஏறினேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, “அவர் வேற சைட்டுக்குப் போயிருக்கார்” என்றார். எந்த சைட் என்று கேட்டேன். பூந்தமல்லியில் ஒரு டாக்டரின் வாழ்க்கையாம். இறங்கி, அப்படியே பஸ் பிடித்துப் பருத்திப்பட்டு போனேன். அங்கே ஒரு ஆள் இல்லை. மேஸ்திரியும் வேறு சைட்டுக்குப் போயிருந்தார். சுவரின்மேல் ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்திருந்தது.

அக்காவிடம் வந்து சொன்னேன். “ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருக்காங்க” என்றாள்.

மாமாதான் உடைந்துபோனார். பாதி வாழ்க்கையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாரே என்றார். வேலையில் சேர்ந்தாகிவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வேண்டுமானால் கேட்கிற பணத்தை முழுதாகக் கொடுத்துவிடலாமா என்றார். அக்கா புடவை மாற்றிக்கொண்டு, கார்பன் நகல்களை ஒரு பையிலும் கசங்கிய தாள் சாக்கை என் தோளிலும் ஏற்றி, முகப்பேருக்குக் கிளம்பினாள். இந்த முறை எழுத்தாளர் வீட்டில் இருந்தார். லுங்கியில் இருந்தார்.

“சார், நீங்க டாக்டரை முடிச்சிட்டே வாங்க. அவசரம் இல்லே” என்றாள் அக்கா. “எழுதின வரைக்கும் எங்ககிட்ட இருக்கு. நீங்க கசக்கிப் போட்டதும் இருக்கு. மீதியை என் தம்பி எழுதி முடிச்சிடுவான்.”

எழுத்தாளர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். என்னுடைய மாதிரிப் பக்கத்தை மாமா அவரிடம் ஒருமுறை காட்டியிருந்தார்.

“இவரா?” என்றார். “ஐயோ, வேணாம்மா! தேதி போட்டே கொன்னுடுவார்மா!”

மறுநாள் காலை மொபெட் வேப்பமரத்தில் சாய்ந்திருந்தது. மேஸ்திரியைத் திரும்ப வரவழைக்க அக்காவுக்கு அவ்வளவு சுலபமான வழி கிடைக்கவில்லை. அவருக்குச் சொல்லிப் பயமுறுத்த என் மாதிரி ஒரு தம்பி இல்லை. அவர் போயிருந்த சைட் அதே பூந்தமல்லி டாக்டரின் புது வீடுதான் என்று தெரிந்து, அங்கேயே போய் நின்று கூட்டிவந்தாள்.

வேலை மறுபடி வேகமெடுத்தது. கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த நேரத்தில்தான் எழுத்தாளர் ஒரு பதிப்பாளரைப் பற்றிச் சொன்னார். திருவல்லிக்கேணியில், மாடியில். மாமா எங்களுக்குச் சொல்லாமல் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகம் பளபளவென்று இருந்தது.

ஆயிரம் பிரதி. அச்சுச் செலவு நம்முடையது, பதிப்பகப் பெயர் அவர்களுடையது. நூலகங்களுக்கு எடுப்பார்கள். போட்ட பணம் இரட்டிப்பாக வரும். ஒரே நிபந்தனை: பணத்தை முழுதும் முன்னாலேயே கட்டிவிட வேண்டும். அவர் சொன்ன தொகை தளத்துக்கு வைத்திருந்த தொகைக்கு ஏறத்தாழச் சரியாக இருந்தது.

“நூலகப் பணம் வந்ததும் தளம் போட்டுக்கலாம்” என்றார் மாமா.

“வரலேன்னா?”

“வரும்டி.”

“எப்போ?”

மாமாவிடம் தேதி இல்லை. என்னைப் பார்த்தார். என்னிடமும் இல்லை.

அக்கா சண்டை போடவில்லை. “மேஸ்திரியை வெக்கிறதுக்கு முன்னாடி அவர் கட்டின வீட்டைப் போய்ப் பார்த்தோம்ல? இவர் போட்ட புத்தகத்தையும் பார்த்துட்டு வந்துடலாம்” என்றாள். பாஸ்புக்கை மாமாவே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அங்கேயே முடித்துவிடும் எண்ணம். ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

பதிப்பகம் ஒரே அறை. பதிப்பாளருக்கு ஒரு நாற்காலி இருந்தது. மற்றபடி எங்கும் காகிதத்தில் சுற்றிக் கயிறு கட்டிய கட்டுகள், தரையிலிருந்து ஜன்னல்வரை. “உக்காருங்க, உக்காருங்க” என்று கட்டுகளைக் காட்டினார். மாமா ஒன்றின்மேல் உட்கார்ந்தார், நான் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை.

“இதெல்லாம் யாரோடதுங்க?”

“நம்ம எழுத்தாளர்களோடதுதாம்மா. வந்து எடுத்துக்குவாங்க.”

“நூலகத்துக்கு எடுக்கலியா?”

“எடுப்பாங்க. அதுக்கெல்லாம் காலம் இருக்கு.”

அக்கா சுற்றிவந்தாள். மாமா உட்கார்ந்திருந்த கட்டு அவர் கால் பக்கத்து மூலையில் கிழிந்து, எலி கடித்த அட்டை வெளியே தெரிந்தது. குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, கொஞ்சம் எழுந்திருங்க.”

அட்டையில் ஒரு பெரியவரின் படம். கோட்டு, டை, மெடல். மாமா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொழிற்சாலையின் பெரிய அதிகாரி. பல வருடங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றவர்.

மாமா விறைப்பாக நிமிர்ந்து நின்றார். கை தானாகச் சட்டைப் பொத்தானைப் போட்டது.

“அவர் ரூமுக்குள்ள நான் ஒரு நாள் உக்காந்தது இல்லே மச்சான்” என்றார் மெல்ல. “இப்போ அவர் மேலயே உக்காந்துட்டேன்.”

“அந்த சாரும் எடுத்துட்டுப் போறேன்னுதான் சொன்னார்” என்றார் பதிப்பாளர். “வீட்ல வெக்க இடமில்லையாம்.”

“அவருக்கு வீட்ல இடமில்லே. இவருக்கு வீட்ல கூரையே இல்லீங்க” என்றாள் அக்கா.

பதிப்பாளர் செலவு விவரம் எழுதிய தாளை நீட்டினார். மாமா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பாஸ்புக் இருந்த பைக்குள் கை போயிற்று. சிவப்புப் பென்சிலோடு வெளியே வந்தது. தாளின் மூலையில் ஒரு கோடு போட்டு, மேஜைமேல் வைத்தார்.

“ரிஜெக்ட்” என்றார்.

வரும்போது பெரிய அதிகாரியின் புத்தகத்தில் ஒரு பிரதி விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். அந்த அறையில் புத்தகம் விற்றது அன்றுதான் போலிருக்கிறது. பதிப்பாளர் சில்லறைக்குக் கீழே போய்வர வேண்டியிருந்தது. ரயிலில் மாமா அதைப் படித்துக்கொண்டே வந்தார். வில்லிவாக்கம் தாண்டியதும் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

“பாருடா மச்சான். பெரிய சாரோட அம்மாவும் தோட்டை வித்திருக்காங்க. இதே மாதிரி மழையில.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறப்பதற்கு முன், ஆனிக் கடைசியில் தளம் போட்டார்கள். கலவை இயந்திரம் காலையிலிருந்து உறுமியது. சித்தாள்கள் சாரத்தில் வரிசையாக நின்று கலவை நிறைந்த பாண்டுச் சட்டிகளைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். அன்று எழுத்தாளரும் ரூஃப் அத்தியாயங்களை முடித்து எடுத்துவந்திருந்தார். தளம் போடுகிற அன்று வேலைக்காரர்களுக்குப் பிரியாணியும் மேஸ்திரிக்கு வேட்டி துண்டும் கொடுப்பது வழக்கம். அக்கா இரண்டு தாம்பாளம் வைத்திருந்தாள். ஒன்று மேஸ்திரிக்கு, ஒன்று எழுத்தாளருக்கு. அதே கடை வேட்டி, அதே கரை. இருவரும் மணல் குவியல்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

“கத இன்னா ஆச்சு அண்ணாத்தே?” என்றார் மேஸ்திரி.

“ப்ரமோஷன் வரைக்கும் வந்துட்டார். பூச்சுதான் பாக்கி.”

“பூச்சுல கோல்மால் பண்ணாத. அதுலதான் இந்தம்மா கண்ணு பூரா கீது.”

புத்தகத்தை அம்பத்தூரிலேயே அச்சிட்டோம். எங்கள் கம்பெனிக்குப் பில் புத்தகமும் எஸ்டேட்டுக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற சின்ன அச்சகம். அங்கும் அக்காவின் சட்டம்தான். முதலில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், அடித்துக் காட்ட வேண்டும். மாமா பாஸ் போட்டால் அதற்குப் பணம். பிறகு அடுத்த ஃபாரம். எத்தனை பிரதி என்பதற்கும் அவளிடம் கணக்கு இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு எத்தனை பத்திரிகை கொடுக்கிறோமோ அத்தனை பிரதி, அதற்குமேல் ஒன்று கூடாது. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் புத்தகம். அச்சுக்கூலியில் பெரும்பகுதி மொய்யில் வந்துவிடும். ஆயிரம் பிரதி போட்டு நூலகத்துக்காகக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று அச்சக முதலாளியே ஒப்புக்கொண்டார், நஷ்டம் அவருக்கு என்றபோதும்.

கடைசி ஃபாரத்தில் ஒரு பக்கம் காலியாக விழுந்தது. வெற்றுத் தாளுக்கும் அதே கூலிதான் என்று தெரிந்ததும் அக்கா என்னிடம், “நீ வேணா தேதி போட்டுக்கோ” என்றாள். ‘முக்கிய நாட்கள்’ என்று ஒரு பக்கம் போட்டேன். அதில் ஒரு பிழை கிடையாது. அதை யாராவது படித்ததாக இன்றுவரை எனக்குத் தகவலும் கிடையாது.

ஆவணியில் கிரகப்பிரவேசம். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தில் இருந்த நாகர்கோவில்காரர்கள், தர்மபுரிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். புத்தகத்தை விட்டுவிட்டுத் தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். ஆகவே புத்தகத்தை அடியில் வைத்து, வெற்றிலை பாக்கை அதன்மேல் வைத்து, தேங்காயை அமுக்கிப் பையின் வாயை நூலால் கட்டியிருந்தாள். சாப்பாடு முடிகிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. கிளம்பியவர்கள் எல்லாம் திரும்பி உள்ளே வந்து, கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். வேறு வேலை இல்லாததால் பையைப் பிரித்தார்கள்.

மாமாவின் தங்கை விருத்தாசலத்திலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு முதலில் திறந்தது பேஸ்மட்டம். வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்துக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தினாள். முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

“எங்கம்மா இவ்ளோ கஷ்டப்பட்டாங்களா? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே அண்ணே! காதுத் தோட்டைக் கழட்டி வித்தாங்களாமே!”

அழுகையில் தலை ஆட ஆட, அவள் காதில் அம்மா போட்ட தோடு இரண்டும் மின்னி மின்னி அடங்கின. மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். தர்மபுரிக்கார அம்மாள் அதைப் பார்த்து அழுதாள். வெளியே நல்ல மழை.

எழுத்தாளர் வேட்டியும் துண்டுமாக என் அருகில் நின்றிருந்தார். “மழை இல்லாம எடுபடாதுன்னு அன்னைக்கே சொன்னேனே தம்பி சார்” என்றார்.

அக்கா அழுகிறவர்களைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூடம் முழுதும் தளத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். மூலைகளையும் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியும் பார்த்தாள். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. பிறகுதான் நாத்தனாரின் பக்கம் திரும்பி, காதையும் கண்ணையும் சிறிது நேரம் பார்த்தாள். உள்ளே போய், எழுத்தாளருக்குக் கொடுக்க வேண்டிய பூச்சுத் தவணையை எடுத்துவந்தாள். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “அதிகமா இருக்கேம்மா” என்றார்.

“அந்தப் பக்கத்துக்குப் பிடிச்சதும் அதுல இருக்கு. பழைய செங்கல்லா இருந்தாலும் நின்னுடுச்சு.”

வாசற்படியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் காதில் இது விழுந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“அப்போ என் செவுத்துக்குப் புட்ச்சதையும் குடுமா. அதுவுந்தான நின்னுகினு கீது?”

“உன் செங்கல்லைப் பார்த்து யாருப்பா அழுதாங்க?” என்றாள் அக்கா.